ஐந்தாம் எதிரி

குளத்தை மூடக் கூடாது என்று நாகர்கோவிலில் ஊரே தெருவுக்கு வந்து உட்கார்ந்த அந்தப் பதினொரு நாட்களைப் பற்றிப் பலரும் எழுதிவிட்டார்கள். படங்களும் நிறைய இருக்கின்றன. ஒரு படத்தில் நானும் இருக்கிறேன். கண்ணை மூடி, வாயைத் திறந்து, கோஷம் போடுகிறேனா கொட்டாவி விடுகிறேனா என்று சொல்ல முடியாத கோலத்தில். அந்த நாட்களைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. அதற்குப் பின்னால் வந்த வருடங்களைப் பற்றித்தான் எழுதத் தோன்றுகிறது. அந்த வருடங்கள் முழுக்க நாங்கள் ஐந்து பேர் ஒரே வழக்கில் எதிரிகளாக இருந்தோம்.

நீதிமன்றத்தில் குற்றம் சாட்டப்பட்டவரை எதிரி என்றுதான் எழுதுவார்கள். முதல் எதிரி, இரண்டாம் எதிரி என்று வரிசையாகப் போகும். நான் மூன்றாம் எதிரி.

நடந்தது இதுதான். ஊருக்கு நடுவில் இருக்கும் பழைய குளத்தில் பாதியை மூடி ஒரு வணிக வளாகம் கட்டப் போவதாகச் செய்தி வந்தது. கம்ப்யூட்டர் சென்டர் நடத்திக்கொண்டிருந்த ஒரு பையன், இருபத்தாறு வயதிருக்கும், ஞாயிற்றுக்கிழமை காலை குளக்கரைக்கு வாருங்கள் என்று வாட்ஸாப்பில் ஒரு செய்தி போட்டான். இருபது பேர் வருவார்கள் என்று நினைத்தானாம். மூன்றாம் நாள் பேருந்துகள் சுற்றிப் போக வேண்டியதாயிற்று. ஐந்தாம் நாள் கல்லூரிகளுக்கு விடுமுறை விட்டார்கள். நான் அப்போது ஒரு தனியார் பள்ளியில் ஏழாம் வகுப்புக்குக் கணக்கு எடுத்துக்கொண்டிருந்தேன். பள்ளி விட்டதும் புடவையை மாற்றாமல் நேராகக் குளக்கரைக்குப் போய்விடுவேன்.

பதினோராம் நாள் மத்தியானம், நான் அரை நாள் லீவு போட்டு வந்திருந்தபோது, போலீஸ் வந்து பந்தலைப் பிரித்தது. ஓட முடிந்தவர்கள் ஓடினார்கள். ஓடாதவர்களை வேனில் ஏற்றி ஒரு கல்யாண மண்டபத்தில் கொண்டுபோய் வைத்தார்கள். பெயரும் முகவரியும் எழுதிக்கொண்டு சாயங்காலம் விட்டுவிட்டார்கள். அடுத்த வாரமே குளத்தை மூடும் திட்டம் கைவிடப்பட்டதாக அறிவிப்பும் வந்தது. ஊரில் வெடி போட்டார்கள், லட்டு கொடுத்தார்கள். எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று நான் நிம்மதியாக விடைத்தாள் திருத்தப் போய்விட்டேன்.

எட்டு மாதம் கழித்துப் பள்ளிக்கூடத்துக்கே சம்மன் வந்தது. சட்டவிரோதமாகக் கூடியது, போக்குவரத்துக்கு இடையூறு செய்தது, அரசு ஊழியரைப் பணி செய்யவிடாமல் தடுத்தது. தடுத்தேனா என்று யோசித்துப் பார்த்தேன். வேனில் ஏறும்போது செருப்பு ஒன்று கழன்றுவிட்டது. அதை எடுத்துக்கொள்கிறேன் என்று ஒரு காவலரை அரை நிமிடம் நிறுத்தினேன். வேறெதுவும் நினைவில்லை.

பள்ளித் தாளாளர் நல்ல மனிதர்தான். என்னை உட்கார வைத்துக் காப்பி கொடுத்துத்தான் சொன்னார். "டீச்சர், எனக்கு ஒண்ணுமில்ல. பேரன்ட்ஸ் கேப்பாங்க. இந்த வருஷம் முடியட்டும், பெறவு நீங்களே பாத்து ஒரு முடிவெடுங்க." வருடம் முடிந்தது. நானே பார்த்து முடிவெடுத்தேன். வீட்டு முன்னறையில் டியூஷன் ஆரம்பித்தேன்.

முதல் வாய்தாவுக்குப் போனபோது மற்ற நால்வரில் வாட்ஸாப் பையனை மட்டும்தான் எனக்குத் தெரியும். அவன்தான் முதல் எதிரி, எங்கள் எல்லோருக்கும் தம்பி. எங்களைப் பார்த்ததும் ஓடிவந்து ஒவ்வொருவர் கையையும் பிடித்துக்கொண்டான். "என்னாலதான உங்களுக்கு இந்த அலைச்சல்" என்று கண் கலங்கினான். இரண்டாம் எதிரி, ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். நெற்றியில் நாமம், தலையில் சின்னத் தலைப்பாகை, அய்யாவழிக் குடும்பம். குளத்துத் தண்ணீரில் விளையும் வயல் அவருக்குக் கொஞ்சம் இருந்தது. எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி. நான்காம் எதிரி, கடற்கரைக் கிராமத்திலிருந்து தினமும் மீன் கொண்டுவந்து குளக்கரையில் உட்கார்ந்து விற்கும் அக்கா. போராட்டம் நடந்த நாட்களில் மீன் விற்பதை விட்டுவிட்டுக் கஞ்சிப் பானையோடு உட்கார்ந்தவர். அவர் குரல் எங்கள் ஒலிபெருக்கியைவிடத் தெளிவாகக் கேட்கும்.

ஐந்தாம் எதிரி மட்டும் எங்களோடு சேராமல் வராந்தாவின் மறுகோடியில் நின்றார். ஐம்பது வயதிருக்கும். மயிலாடியில் கல் சிற்பம் செய்கிறவர். முழங்கை வரை வெள்ளையாகக் கல்தூசி. தம்பி அவரிடம் போய்க் கையைப் பிடிக்கப் பார்த்ததும் கையை இழுத்துக்கொண்டார்.

"நான் உங்க ஆளு இல்ல, கேட்டியா. நான் போராட்டத்துக்கே வரல்ல."

"பின்ன எப்படி அண்ணே..."

"அம்மி எறக்கப் போனேன்லே."

அவர் கதை இப்படி. குளத்துக்குப் பின்னால் உள்ள தெருவில் ஒரு வீட்டுக்கு அம்மியும் குழவியும் செய்து, ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறார். வழி அடைத்திருந்தது. வழி திறக்கும்வரை நிற்கலாம் என்று நின்றவருக்குப் பசித்திருக்கிறது. பந்தலில் கஞ்சியும் பயறும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். உட்கார்ந்து குடித்திருக்கிறார். குடித்து முடித்துத் தட்டைக் கழுவும்போது போலீஸ் வந்துவிட்டது.

"கஞ்சி குடிச்சதுக்குக் கேஸு" என்று வராந்தாவில் நின்றவர்கள் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். "ஒரு தட்டுக் கஞ்சி. அதுல உப்பும் இல்ல."

மீன்கார அக்கா நிமிர்ந்தார். "உப்பு இல்லன்னு யாரு சொன்னா? நாந்தான் போட்டேன்."

"அப்ப நீதான் எனக்கு எதிரி" என்றார் சிற்பி. அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கு வரவில்லை.

மாதம் ஒரு முறை போனோம். சில மாதம் நீதிபதி விடுப்பு, சில மாதம் அரசு வக்கீல் வரவில்லை, சில மாதம் சாட்சி வரவில்லை. பெயரைக் கூப்பிடுவார்கள், வந்திருக்கிறோம் என்று கையைத் தூக்குவோம், அடுத்த தேதி சொல்வார்கள். எல்லாம் இரண்டு நிமிடம். அதற்காகக் காலை பத்து மணியிலிருந்து மூன்று மணிவரை காத்திருக்க வேண்டும். எங்களுக்காக வாதாட வந்தது படித்து முடித்துக் கொஞ்ச நாளே ஆன ஒரு பெண் வக்கீல். அவளும் போராட்டத்தில் இருந்தவள்தான். அன்றைக்கு ஓட முடிந்ததால் எதிரி ஆகாமல் வக்கீல் ஆகிவிட்டாள் என்று அண்ணாச்சி சொல்வார்.

ஐந்து மணி நேரம் ஒரே வராந்தாவில் நிற்கிறவர்கள் எவ்வளவு நாள்தான் பேசாமல் இருக்க முடியும். எதிரே ஒரு டீக்கடையில் ரசவடை நன்றாக இருக்கும். அண்ணாச்சி வயலோரத்து வாழையில் பழுத்த ஏத்தன்பழம் கொண்டுவருவார். அக்கா ஒவ்வொரு வாய்தாவுக்கும் எனக்கு நெத்திலியோ சாளையோ பொட்டலம் கட்டிக் கொண்டுவருவார். ஒரு தடவை அந்தப் பொட்டலத்தோடு நான் கோர்ட்டுக்குள் போய் நின்றுவிட்டேன். நீதிபதி தலையைத் தூக்கி மூக்கைச் சுருக்கினார். வாசலில் நின்ற காவலர் என் பையைப் பார்த்தார், நான் அண்ணாச்சியின் தலைப்பாகையைப் பார்த்தேன். மீனைத் தொடவே தொடாத அந்த மனிதர், அலுங்காமல் என் கையிலிருந்து பையை வாங்கிக்கொண்டு வெளியே போனார்.

சிற்பியும் மெல்ல வராந்தாவின் இந்தக் கோடிக்கு வந்து சேர்ந்தார். ஆனால் ஒவ்வொரு முறையும் முதல் வார்த்தை அதுதான்: "நான் உங்க ஆளு இல்ல." நாங்கள் "இல்ல, இல்ல" என்போம். பிறகு உட்கார்ந்து ரசவடை சாப்பிடுவார்.

அவர் அப்படிச் சொல்வது வெறும் வீம்பு இல்லை என்று எனக்கு அடுத்த வருடம்தான் புரிந்தது. மலேசியாவில் ஒரு கோயில் கட்டுகிறார்கள். தூண் வேலைக்கு அவரைக் கூப்பிட்டிருந்தார்கள். இரண்டு வருட வேலை. பாஸ்போர்ட்டுக்குப் போட்டார். விசாரணையில் வழக்கு நிலுவையில் இருப்பது வந்தது, பாஸ்போர்ட் நின்றுபோயிற்று. அவரிடம் வேலை கற்ற ஒருவர் அந்த இடத்துக்குப் போனார். அந்த மாத வாய்தாவில் சிற்பி "நான் உங்க ஆளு இல்ல" என்று சொல்லவில்லை. தம்பி அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். "அண்ணே, நான் வேணும்னா எழுதிக் கொடுக்கேன், நீங்க வரல்லன்னு" என்றான்.

"நீ எழுதிக் கொடுத்தா நம்பவா போறாவ? நீ ஒண்ணாம் நம்பரு" என்றார் சிற்பி. கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் தம்பிக்கு இன்னும் கஷ்டமாகிவிட்டது.

பிறகு தேர்தல் வந்தது.

தம்பியின் வீட்டுக்கு எல்லாக் கட்சியும் போயிற்று. குளத்தைக் காத்தது நாங்கள்தான் என்று எல்லாச் சுவரிலும் எல்லோரும் எழுதியிருந்தார்கள். பந்தல் பிரிக்கப்பட்ட அன்று ஊரிலேயே இல்லாதவர்கள் மேடையில் அன்றைய அடியை விவரித்தார்கள். தம்பி கட்சி எதிலும் சேராமல் வார்டில் சுயேச்சையாக நின்றான். அது நல்லதுதான். ஆனால் தேர்தல் என்று வந்ததும் எந்தத் தெரு யாருக்கு, எந்தச் சபை யாருக்கு, எந்தக் கோயில் யாருக்கு என்று கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார்கள். பதினொரு நாள் ஒரே பாயில் உட்கார்ந்திருந்த ஊர் அது. எங்கள் போராட்ட வாட்ஸாப் குழுவில் ஆயிரத்துக்கு மேல் ஆட்கள் இருந்தோம். அதில் வந்து விழுந்த செய்திகளைப் பார்த்தால், இவர்களோடா கஞ்சி குடித்தோம் என்று தோன்றும்.

அண்ணாச்சி ஒன்றை அனுப்பிவிட்டார். யாரோ எழுதியது, கடற்கரைக்காரர்கள் பாதிரியார் சொன்ன இடத்தில்தான் ஓட்டுப் போடுவார்கள், அவர்களை நம்பி எதிலும் இறங்கக் கூடாது என்று நீளமாகப் போகும் செய்தி. அவர் முழுக்கப் படித்தாரா என்பதே எனக்குச் சந்தேகம். அக்காவுக்கு வாசிக்கத் தெரியாது. மகள் வாசித்துக் காட்டியிருக்கிறாள்.

அடுத்த வாய்தாவில் அக்கா எனக்கு மீன் கொண்டுவந்தார். அண்ணாச்சி கொண்டுவந்த பழத்தைத் தொடவில்லை. அண்ணாச்சி ஏதோ கேட்டார். அக்கா என்னைப் பார்த்து, "டீச்சர், எனக்கு இந்தப் பக்கம் காது கேக்கல்ல" என்றார். அதற்கடுத்த மாதமும் அப்படியே. அண்ணாச்சி என்னைத் தனியே கூப்பிட்டு, "நான் வேற யாரையோ பத்தின்னு நெனச்சில்லா அனுப்புனேன் டீச்சர்" என்றார்.

"அக்கா கடற்கரைதான அண்ணாச்சி."

"அவ கடற்கரைன்னு எனக்குத் தோணல்ல. அவ நம்ம அவளுல்லா."

அதை என்னிடம் சொல்லி என்ன பயன், அவரிடம் போய்ச் சொல்லுங்கள் என்றேன். மறுநாள் காலை நான் குளக்கரை வழியாகப் போகும்போது அண்ணாச்சி அக்காவின் மீன் கூடைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். வேட்டியை மடித்துக் கட்டி, மூக்கை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொண்டு. நான் சற்றுத் தள்ளி நின்றுவிட்டேன்.

"கொஞ்சம் மீனு தா" என்றார்.

"உமக்கு எதுக்கு மீனு?"

"பூனைக்கு."

"உம்ம வீட்டுல எப்பம் பூனை வந்தது?"

"இனிமேத்தான் வளக்கணும்."

அக்கா கத்தியைக் கீழே வைத்தார். பிறகு ஒரு சாளையை எடுத்து இலையில் வைத்து நீட்டினார். "கொண்டு போவும். போற வழியில எல்லாப் பூனையும் உம்ம பெறத்தால வரும்." அண்ணாச்சி அந்த ஒற்றை மீனை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு சாலையைக் கடந்து போனதை நான் பார்த்தேன். அதை என்ன செய்தார் என்று இதுவரை கேட்டதில்லை.

தம்பி ஜெயித்தான். எங்களுக்கெல்லாம் பெருமைதான். முதல் வேலையாகக் குளத்தை அழகுபடுத்த ஏற்பாடு செய்தான். கரையைச் சுற்றி நடைபாதை, கம்பி வேலி, உட்கார நாற்காலிகள், குழந்தைகளுக்கு ஊஞ்சல். திறப்பு விழாவுக்கு எங்கள் நால்வருக்கும் வீட்டுக்கே வந்து அழைப்பிதழ் கொடுத்தான். முன்வரிசை முழுக்கப் பெரிய மனிதர்கள் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். அவனே பின்னால் வந்து நாற்காலி இழுத்துப் போட்டு எங்களை உட்கார வைத்து, "தப்பா நெனைக்காதீங்க" என்று திரும்பத் திரும்பச் சொன்னான்.

திறப்பு விழா முடிந்து நாலாவது நாள், நடைபாதையில் கடை போடக் கூடாது என்று அக்காவைக் கிளப்பிவிட்டார்கள். இருபது வருடமாக அவர் உட்கார்ந்த இடம். அதைக் காப்பாற்றத்தான் பதினொரு நாள் உட்கார்ந்தார்.

அந்த மாத வாய்தாவில் அக்கா பேசியதை நீதிமன்ற வளாகம் முழுக்கக் கேட்டது. "ஏலே மக்கா, குளத்த மூடக் கூடாதுன்னு கூப்பிட்ட, வந்தேன். கேஸு வாங்கினேன். இப்பம் குளம் இருக்கு, நான் எங்கலே இருக்க?" கவுன்சிலர் ஆகி, வெள்ளைச் சட்டை போட்டு, பின்னால் இரண்டு பேர் நிற்க, தம்பி தலையைக் குனிந்துகொண்டு நின்றான். அவனோடு வந்தவர்கள் ஏதோ சொல்ல வாயெடுத்தபோது கையைக் காட்டி நிறுத்தினான். "பேசட்டும். எனக்கு வேணும்" என்றான்.

ஆறு மாதம் அலைந்து மனு எழுதி, கூட்டத்தில் சண்டை போட்டு, குளத்தின் கிழக்கு வாசலுக்கு வெளியே மீன் விற்கிறவர்களுக்கு ஒரு இடம் வாங்கினான். பழைய இடம்போல வியாபாரம் இல்லை. வெயில் நேரே முகத்தில் அடிக்கும். "என்னத்தச் செய்ய, அவன் தலையால தண்ணி குடிச்சிட்டான்" என்று அக்காவே எங்களிடம் சொன்னார். அவனிடம் மட்டும் சொல்லவில்லை. அவனைப் பார்த்தால் வெயிலைப் பற்றித்தான் பேச்சு.

நான்காவது வருடம் அந்த அறிவிப்பு வந்தது. குளப் போராட்ட வழக்குகளை அரசு திரும்பப் பெறுகிறது. டியூஷன் பிள்ளைகளுக்கு அன்று மிட்டாய் கொடுத்தேன். அடுத்த வாய்தாவுக்கு ஐவரும் கல்யாணத்துக்குப் போவதுபோல உடுத்திக்கொண்டு போனோம். சிற்பிகூடக் கல்தூசி இல்லாமல் வந்திருந்தார். நான் அதுவரை அவர் கையின் நிறத்தைப் பார்த்ததில்லை.

எங்கள் வழக்கு எண்ணைக் கூப்பிட்டார்கள். நால்வர் பெயரும் வாசிக்கப்பட்டன. வழக்கு முடிந்தது, போகலாம் என்றார்கள். ஐந்தாவது பெயரை வாசிக்கவில்லை.

வக்கீல் பெண் உள்ளே போய் விசாரித்துவிட்டு வந்தாள். முகம் செத்திருந்தது. முந்தைய வருடம் சிற்பி வெளிமாவட்டத்தில் ஒரு கோயில் வேலைக்குப் போய் இரண்டு வாய்தா வரவில்லை. வராதவருக்காக மற்றவர்களைக் காக்க வைக்க வேண்டாம் என்று அவருடைய வழக்கை மட்டும் பிரித்து வேறு எண் கொடுத்திருந்தார்கள். ஒரே நாளில் கூப்பிட்டு வந்ததால் எங்களுக்கு அது உறைக்கவே இல்லை. திரும்பப் பெறும் பட்டியலில் பழைய எண் இருந்தது. புதிய எண் இல்லை.

"மனு போட்டுச் சேக்கலாம் அண்ணே. ஆனா எவ்வளவு நாளாகும்னு சொல்ல முடியாது. அதைவிட விசாரணையை முடிச்சிரலாம்" என்றாள்.

சிற்பி எதுவும் புரியாதவர்போல நின்றார். பிறகு மெதுவாகச் சொன்னார். "அப்பம் போராட்டம் பண்ணுன நாலு பேருக்கும் கேஸு இல்ல. கஞ்சி குடிச்சவனுக்கு மட்டும் உண்டு."

யாருக்கும் சிரிப்பு வரவில்லை. அண்ணாச்சி அவர் தோளில் கையை வைத்தார். "அடுத்த தேதி என்னன்னு கேளும்மா" என்று வக்கீலிடம் சொன்னார். "குறிச்சு எங்களுக்கும் அனுப்பு. நாங்க வருவோம்."

"நீங்க எதுக்கு? உங்களுக்குத்தான் முடிஞ்சாச்சே" என்றார் சிற்பி.

அக்கா, "ரசவடை திங்க" என்றார்.

அப்படித்தான் வழக்கு இல்லாத நான்கு பேர் மாதா மாதம் கோர்ட்டுக்குப் போனோம். நான் அன்றைக்கு டியூஷன் நேரத்தை மாற்றிவைப்பேன். தம்பி வார்டு வேலையைப் போட்டுவிட்டு வருவான். பெயர் கூப்பிடும்போது அவரோடு நாங்களும் எழுந்து நிற்போம். புதிதாக வந்த நீதிபதி, ஒரு பெண்மணி, இரண்டாவது மாதம் கேட்டுவிட்டார்: "யார் நீங்கள் எல்லாம்?"

அண்ணாச்சி கைகூப்பி, "பழைய எதிரிகள் அம்மா" என்றார்.

விசாரணை நடந்தது. அரசுத் தரப்பில் வந்த காவலர் ஓய்வுபெற்றிருந்தார். சம்பவம் நடந்தது நினைவிருக்கிறது, இவர் முகம் நினைவில்லை என்று நேர்மையாகச் சொல்லிவிட்டார். எங்கள் தரப்பில் சாட்சி சொல்ல நாங்கள் நால்வரும் இருந்தோம். நான் ஆசிரியைபோல முழு வாக்கியங்களில் பேசினேன். யார் மனதிலும் நின்றிருக்காது. அக்காவின் சாட்சியம்தான் சாட்சியம்.

"இவரைப் போராட்டத்தில் பார்த்தீர்களா?" என்று அரசு வக்கீல் கேட்டார்.

"பந்தலுல பாத்தேன். போராட்டத்துல பாக்கல்ல."

"இரண்டும் ஒன்றுதானே?"

"அதெப்படி சாரே ஒண்ணாவும்? நாந்தான் கஞ்சி ஊத்தினேன். குடிச்சிட்டு, இன்னும் கொஞ்சம் பயறு உண்டான்னு கேட்டாரு. அன்னைக்குப் போலீஸு வரும்னு எல்லாருக்கும் தெரியும். வயித்துல பயம். ஒருத்தரும் ரெண்டாமத பயறு கேக்கல்ல. இவருதான் கேட்டாரு. இவருக்கு ஒண்ணும் தெரியாது."

நீதிபதி எழுதிக்கொண்டிருந்த பேனாவை வைத்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். சிரிக்கிறார் என்று எங்களுக்குத் தெரிந்தது.

கடைசியில் சிற்பியிடம் கேட்டார், உங்கள் மேல் சொல்லப்பட்டதைப் பற்றி நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று. என்ன சொல்ல வேண்டும் என்று வக்கீல் பெண் பத்துத் தடவை சொல்லிக்கொடுத்திருந்தாள். பொய் வழக்கு, எனக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அவ்வளவுதான். நான்கு வருடமாக அவர் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்ததும் அதுதான்.

அவர் கூண்டில் கையை வைத்துக்கொண்டார்.

"அம்மா, நான் அம்மி எறக்கப் போனவன்தான். கஞ்சி குடிச்சேன், நெசம். தட்டக் கழுவையில போலீஸு வந்தாவ. எங்கிட்ட ஒருத்தரு வந்து, நீரு யாரு, ஆட்டோக்காரனா, போவும்னு சொன்னாரு. போயிருக்கலாம். ஆட்டோ அங்கதான் நின்னுச்சு." எங்கள் பக்கம் கையைக் காட்டினார். "இந்த டீச்சர் ஒத்தச் செருப்போட நிக்காவ. அந்த அம்மா கஞ்சிப் பானையக் கெட்டிப் பிடிச்சிட்டு நிக்கா. வயசான மனுசன் ஒருத்தரு தலைப்பாவ அவுந்து கெடக்கு. அவிய கையால குடிச்சிட்டு, கை காயுமுன்ன எப்படிப் போக? நானே போயி வண்டியில ஏறிட்டேன். இதுதான் நடந்தது. நான் இதுவரை யாருட்டயும் சொல்லல்ல."

வக்கீல் பெண் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டாள். அக்கா என் முழங்கையை இறுக்கிப் பிடித்தார். அவருடைய நகம் பதிந்த தடம் அன்று முழுக்க இருந்தது. அவரை நாங்கள் கெடுத்துவிட்டோம் என்று அத்தனை வருடமும் மனதுக்குள் கிடந்து உறுத்திக்கொண்டே இருந்தது. அவரும் அதை வைத்து எங்களைக் குத்திக்கொண்டே இருந்தார். இப்போது எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது.

பதினைந்து நாள் கழித்துத் தீர்ப்பு. தானாக வண்டியில் ஏறியது எந்தச் சட்டத்திலும் குற்றம் இல்லை, அரசுத் தரப்பு எதையும் நிரூபிக்கவில்லை, விடுதலை. நீதிபதி வாசித்து முடித்ததும் தலையை உயர்த்தி, "வீட்டுக்குப் போங்கள், எல்லோரும்" என்று எங்களையும் சேர்த்துச் சொன்னார்.

வெளியே வந்ததும் நான் சிற்பியிடம் கேட்டுவிட்டேன். "நாலு வருஷமா எங்க ஆளு இல்ல, எங்க ஆளு இல்லன்னு ஏன் சொன்னீங்க?"

அவர் சங்கடப்பட்டார். "சம்மன் வந்ததுல்லா டீச்சர். வீட்டுல கேட்டா. பெறவு பாஸ்போர்ட்டும் போச்சு. நானா போயி ஏறுனேன்னு அவகிட்ட எப்படிச் சொல்ல? வீட்டுல ஒண்ணு சொல்லி, இங்க ஒண்ணு சொல்ல முடியுமா? அப்படியே பழகிட்டு." பிறகு, "இன்னைக்கு வீட்டுல போயிச் சொல்லணும்" என்றார், பெரிய வேலை ஒன்று பாக்கி இருக்கிறவர்போல.

சொன்னாராம். மனைவி இரண்டு நாள் பேசவில்லையாம். மூன்றாம் நாள், அந்தப் பெண் எப்படி இருப்பாள், கஞ்சி ஊற்றியவள், ஒரு நாள் கூட்டிக்கொண்டு வாரும் என்று சொன்னாராம். நாங்கள் எல்லோரும் மயிலாடிக்குப் போனோம். அக்கா பெரிய விளமீன் ஒன்றும், அண்ணாச்சி ஒரு ஏத்தன்குலையும் கொண்டுவந்தார்கள். பட்டறையில் பாதி செய்த பிள்ளையார் பக்கத்தில் ஒரு தேவாலயத்துக்காகச் செய்த மாதா நின்றது. சாப்பாட்டுக்கு முன்னால் அக்கா அந்த மாதாவின் மூக்கைப் பார்த்து, "எங்க ஊரு ஜாடை வருதே" என்றார். வந்திருக்கலாம். யாரை நினைத்துச் செய்தீர் என்று நான் கேட்கவில்லை.

இந்த வருடம் சிற்பிக்குப் பாஸ்போர்ட் கிடைத்தது. பழைய கோயில் இல்லை, வேறொரு கோயில், மலேசியாவில்தான். இப்போது அங்கே இருக்கிறார். போன ஞாயிற்றுக்கிழமை மூட்டு அறுவை சிகிச்சை முடிந்து படுத்திருக்கும் அண்ணாச்சியைப் பார்க்க நாங்கள் போயிருந்தபோது வீடியோவில் கூப்பிட்டார். தம்பி போனைப் பிடித்துக்கொண்டான். மறுபடி தேர்தலில் நிற்கப் போகிறான். இந்த முறை ஜெயிப்பது கஷ்டம் என்கிறார்கள். சிற்பி தன்னைச் சுற்றியிருந்த தூண்களை ஒவ்வொன்றாகக் காட்டினார். கூட வேலை செய்யும் ஒருவரை இழுத்துக் கொண்டுவந்து எங்களைக் காட்டி, "இவியதான் நம்ம ஆளுவ" என்றார். அக்கா போனைப் பிடுங்கி, அங்கே என்ன மீன் கிடைக்கிறது, நல்லதாகப் பார்த்து வாங்குகிறீரா, செவுளைத் தூக்கிப் பார்த்தீரா என்று கேட்க ஆரம்பித்தார். அண்ணாச்சி கட்டிலில் கிடந்தபடியே, அவனைக் கொஞ்சம் வேலை செய்ய விடேன் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அக்கா விடவில்லை. அவருக்கு மீனைப் பற்றி இன்னும் நிறையக் கேட்க வேண்டியிருந்தது.